மூக்கர் ‘சரி’ சொன்ன வண்டி

பழுது பார்த்து முடித்த எந்த வண்டியும், மூக்கர் மூச்சுப் பார்க்காமல் அந்தப் பட்டறையின் வாசலைத் தாண்டியதில்லை. கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் அவர் நிமிர்ந்து உட்காருவார். கண்களை மூடுவார். நெஞ்சு நிறைய ஒரு முறை மூச்சை இழுத்து, சற்று நேரம் உள்ளேயே நிறுத்திவைத்து, பின்பு மெல்ல விடுவார். வெளியே நிற்பவர்கள் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்களைப் போல அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் கதவைத் திறந்து இறங்கி, கைகளைத் துணியில் துடைத்தபடி, “சரி” என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அந்த வண்டியை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

ஒரு டயர்க் கடைக்கும் நீண்ட மதில் ஒன்றுக்கும் இடையே ஒடுங்கி நின்ற தகரக் கூரைப் பட்டறை அது. அதை நடத்தியவர்கள் இருவர். இரும்பைப் பற்றவைப்பவர் வெல்டர். எஞ்சினின் நோயைக் கண்டுபிடிப்பவர் மூக்கர். இருவருக்கும் பெற்றோர் வைத்த பெயர்கள் இருந்தன என்றாலும், அவற்றைச் சொல்லி அழைத்தால் இருவருமே திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். மூக்கரைத் தேடி முதன்முறையாக வருகிறவர்களுக்குச் சிறிய ஏமாற்றம் காத்திருக்கும். அவருடைய மூக்கு சப்பையானது, முகத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டியது. ஆனால், சைலன்சரிலிருந்து வரும் புகையை அந்தச் சப்பை மூக்கு ஒரு முறை முகர்ந்தால் போதும். இனிப்பு மணம் வந்தால் ரேடியேட்டர் நீர் எரிகிறது என்றும், கண்ணைக் கரித்தால் பெட்ரோல் மிகுதி என்றும் பிட்டுப் பிட்டு வைத்துவிடும். ஒரு வழக்கறிஞரின் காரில் ஏறிய மாத்திரத்திலேயே, பின்னிருக்கைக்கு அடியில் ஓர் ஆரஞ்சுப் பழம் அழுகிக் கிடக்கிறது என்றார் ஒரு நாள். குனிந்து பார்த்தால், கிடந்தது. வெல்டர் பல ஆண்டுகளாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்: “உனக்கு எதுக்கு மூக்கா ரெண்டு கண்ணு? வித்துட்டு இன்னொரு மூக்கு வாங்கிக்க.”

அந்த மூக்கு செத்துப்போய்ப் பல மாதங்களாகிவிட்டன என்பது மூக்கரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு சாதாரணக் காய்ச்சலோடுதான் போயிற்று. படுக்கையை விட்டு எழுந்து குளித்த அன்று சோப்பு மணக்கவில்லை. சளி இறங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். பட்டறைக்குப் போய், பெட்ரோலில் நனைந்த துணியை எடுத்து மூக்கருகே பிடித்தார். அது தண்ணீரில் நனைந்த துணியைப் போலிருந்தது. இன்னும் ஆழமாக இழுத்தார். தொண்டை எரிந்தது, மணம் மட்டும் வரவில்லை. நாளைக்கு வந்துவிடும், அடுத்த வாரம் வந்துவிடும் என்று தள்ளிப்போட்டவர், நாள்கள் மாதங்களான பிறகு சொல்ல வாய் வராமல் நின்றுவிட்டார். இத்தனை நாள்களாக உள்ளே உட்கார்ந்து என்னதான் செய்துகொண்டிருந்தாய் என்று யாராவது கேட்டுவிட்டால்?

ஆகவே, வழக்கம் அப்படியே தொடர்ந்தது. கண்ணாடிகள் ஏறின, கண்கள் மூடின, நெஞ்சு நிமிர்ந்தது. உள்ளே போனது வெறுங்காற்று. யாரும் பார்க்காதபோது, வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி, அது காட்டும் பிழையை மனத்தில் வாங்கிக்கொள்வார். புகையின் நிறத்தைக் கண்ணாலும் எஞ்சினின் ஓசையைக் காதாலும் எடைபோடுவார். அனுபவம் கைகொடுத்தது. எதுவும் தவறவில்லை. எதுவும் தவறாததே அவரை மேலும் துணியவைத்தது.

அந்த நிலையில்தான் தங்கையின் கார் பட்டறைக்கு வந்தது.

ஒரே தங்கை. வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துபவள். அவள் கணவர் பேருந்து நடத்துநராக இருந்தவர். பயணிகளைச் சிரிக்கவைத்தே சில்லறை வாங்கியவர் என்று பெயரெடுத்தவர். சிறுநீரகங்கள் பழுதானதிலிருந்து, வாரத்தில் இரண்டு நாள் நகரின் மறுகோடியிலுள்ள நிலையத்துக்குச் சென்று இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. “கிட்னி ரெண்டும் ஒண்ணா வேலையை விட்டுப் போயிடுச்சு மச்சான். என்னை மட்டும் இன்னும் ட்யூட்டில வெச்சிருக்காங்க” என்று அதையும் வேடிக்கையாகத்தான் சொல்வார். சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது அவருக்கு உடம்பு வெடவெடக்கும். தங்கை அவரைக் காரில் உட்காரவைத்துப் போர்வையைப் போர்த்தி, கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை வைத்துவிட்டு, மருந்து வாங்கும் வரிசையில் போய் நிற்பாள். அந்த இளஞ்சூட்டில்தான் தமக்கு மறுபடியும் மனித உடம்பு வருகிறது என்பார் அவர்.

காருக்கும் ஏறக்குறைய இருபது வயதாகியிருந்தது. பழுதைக் காட்டும் எஞ்சின் விளக்கு எரிகிறது, பெட்ரோலைக் குடித்துத் தள்ளுகிறது என்று தங்கை சொன்னாள். மூக்கர் கண்டுபிடித்தது சரியான பழுதைத்தான். எஞ்சினுக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் எரிகின்றனவா என்று புகையைக் கொண்டு அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வார்ப்பிரும்புக் குழாயின் கழுத்தில் அது திருகப்பட்டிருக்கும். அது சொல்வதை நம்பித்தான் வண்டியின் கணினி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். தங்கையின் காரில் அது கெட்டுப்போயிருந்தது. புதியது ஒன்றை வரவழைத்தார்.

பழையது கழன்று வர மறுத்தது. அத்தனை ஆண்டுச் சூட்டிலும் துருவிலும் சென்சாரும் குழாயும் ஒன்றோடொன்று இறுகிப்போயிருந்தன. துரு இளக்கும் எண்ணெயை விட்டுக் காத்திருந்தார், அசையவில்லை. எஞ்சினைச் சூடாக்கிப் பார்த்தார், அசையவில்லை. இத்தகைய நேரங்களில் வெல்டர் தமது தீச்சுடரை எடுத்துவந்து, குழாயின் கழுத்தைச் சுற்றிலும் பொறுமையாகச் சூடேற்றிக் கொடுப்பார். இரும்பு விரிந்து தானாகவே பிடியை விடும். ஆனால், வெல்டர் அன்று ஒரு வீட்டின் இரும்புக் கதவைப் பற்றவைக்கப் போயிருந்தார். மறுநாள் காலையில் மைத்துனருக்குச் சிகிச்சை. தங்கை பட்டறையின் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மூக்கர் ஸ்பேனரின் பிடியில் நீண்ட இரும்புக் குழாய் ஒன்றைச் சொருகிக்கொண்டார். காலை மதிலில் ஊன்றி, உடம்பின் எடை முழுவதையும் அதன் மீது போட்டார். ‘டிக்’கென்று ஓர் ஓசை கேட்டது. சென்சார் கழன்றுவிட்டது.

துரு விட்டுக்கொடுத்த ஓசை என்று அவர் எடுத்துக்கொண்டார். பட்டறை வேலையில் அதைக் காட்டிலும் இனிமையான ஓசை வேறில்லை. புதிய சென்சாரின் மரையில் மட்டும் சூடு தாங்கும் பசையை மெல்லியதாகத் தடவி, முனையில் விரல்கூடப் படாமல் திருகி இறுக்கினார். ஸ்கேனரில் பழைய பிழையை அழித்தார். எஞ்சின் விளக்கு அணைந்தது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய முதல் சில நொடிகளில் எங்கேயோ மெலிதாக ஏதோ தட்டுவதைப் போலிருந்தது, சூடேறியதும் நின்றுவிட்டது. வயதான எஞ்சின், மூட்டு வலியில் முனகுகிறது என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

பிறகு கண்ணாடிகளை ஏற்றினார். கண்களை மூடினார். மூச்சை இழுத்தார். தங்கை நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி” என்றார் மூக்கர்.

முதல் வாரம் மைத்துனரே தொலைபேசியில் அழைத்து நன்றி சொன்னார். காரில் உட்கார்ந்தால் இப்போதெல்லாம் அப்படித் தூக்கம் வருகிறதாம். “என்ன மந்திரம் போட்ட மச்சான்? வண்டி ஆள இப்படித் தாலாட்டுது. உன் தங்கச்சி மருந்து வாங்கிட்டு வந்து எழுப்புனாத்தான் எந்திரிக்கிறேன்” என்றார். மூக்கர் சிரித்தார். நல்ல தூக்கம் அந்த உடம்புக்கு எவ்வளவு அரியது என்பது அவருக்குத் தெரியும். அன்று முழுவதும் அவருக்குக் கையில் பிடித்த வேலையெல்லாம் இலகுவாக ஓடியது.

அதற்கடுத்த வாரம் மைத்துனர் காரில் விழித்தெழுந்ததும் வாந்தி எடுத்தார். தலை பிளப்பதைப் போல வலித்தது. மருத்துவர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். இந்த நோயில் இதெல்லாம் வருவதுதான் என்று நிலையத்தில் சொன்னார்கள். தங்கைக்கும் வீடு வந்து சேரும்போது நெற்றிப்பொட்டில் வலித்தது. அவள் அதற்குத் தையல் ஊசியில் நூல் கோத்த கண்களின் மீது பழி போட்டாள்.

எஞ்சின் விளக்கு மறுபடியும் எரியத் தொடங்கிய பிறகுதான் அவள் பட்டறைக்கு வந்தாள்.

“அண்ணா, அந்த லைட்டு திரும்பவும் முழிச்சுப் பார்க்குது.”

மூக்கர் ஸ்கேனரைச் செருகினார். புகையில் காற்று மிகுதி, பெட்ரோல் போதவில்லை என்று காட்டியது. புதிய சென்சார் பழகுவதற்குச் சில நாள்கள் ஆகும் என்று, தமக்கே நம்பிக்கையில்லாத ஒரு விளக்கத்தைச் சொன்னார். வெல்டர் அப்போது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியிலிருந்து ஒரு முறை பார்த்துவிடலாமே என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மூக்கருக்கோ அது வேறு விதமாகப் பட்டது. தம்மை யாரோ உற்றுப் பார்க்கிறார்கள், எதையோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தோன்றியது.

“நான்தான் மூச்சுப் பார்க்கப் போறேனே. அதுக்கு மேல அடியில என்ன பார்க்கணும்?”

வெல்டர் கைகளை உயர்த்திக் காட்டிவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பினார். முப்பதாண்டு நட்பில் மூக்கரின் மூச்சுக்கு எதிராக அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை, அன்றும் பேசவில்லை.

இம்முறை மூக்கர் வழக்கத்தைவிட நீண்ட நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தார். கண்களை இறுக மூடிக்கொண்டு, பல முறை மூச்சை இழுத்தார். எங்கேயாவது, எந்த மூலையிலாவது, ஏதாவது ஒரு மணத்தின் நுனி தட்டுப்படாதா என்று மூளைக்குள் துழாவினார். ஒன்றும் இல்லை. வெள்ளைச் சுவரைத் தடவுவதைப் போலிருந்தது. இறங்கியபோது கால் சற்றே தடுமாறியது. தலைக்குள் ஏதோ கனத்தது. மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பிழையை அழித்து, விளக்கை அணைத்துக் கொடுத்தார்.

“சரி” என்றார், இரண்டாம் முறையாக.

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு சொல்லாமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பின் சில நாள்கள் கழித்து, மதிய உணவுக்கு மூக்கர் வீட்டுக்குப் போயிருந்தார். சமையலறை மேசையில், அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி தடதடவென்று படியிறங்கி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தில் பால் சுண்டி, அடியில் கரியாகப் பிடித்திருந்தது.

“மாடி வரைக்கும் நாத்தம் வருது. நீங்க பக்கத்துலயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறீங்களே?”

கவனிக்கவில்லை என்றார் மூக்கர். அவள் அவரைக் கூர்ந்து பார்த்தாள். கரிபிடித்த பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கி வந்து, அவருடைய முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“என்ன வாசம் வருதுன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

“பால் வாசம்தான்.”

“பால் வாசமா?” என்று கேட்டுவிட்டு அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு, கெட்டுப்போன சாப்பாட்டைச் சில வாரங்களுக்கு முன் அவர் ருசித்துச் சாப்பிட்டதையும், தன்மேல் உள்ள அன்பினால்தான் குறை சொல்லவில்லை என்று தான் பூரித்துப்போனதையும் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

“எப்ப இருந்து இப்படி?”

“காய்ச்சல்ல படுத்தேனே, அப்ப இருந்து.”

“அப்ப வண்டியெல்லாம்?”

மூக்கர் செய்தித்தாளை மடித்தார். மடித்ததையே மீண்டும் மடித்தார். மனைவி எதிரே உட்கார்ந்தாள். அவள் குரல் தாழ்ந்தது. முந்திய நாள் தங்கை தொலைபேசியில் பேசியபோது சொன்ன ஒன்றை அவள் அப்போதுதான் எடுத்துச் சொன்னாள். நிலையத்திலிருந்து வந்த பிறகு கணவரின் சட்டையிலும் போர்வையிலும் புகை நாற்றம் அடிக்கிறதாம். துவைத்தாலும் போகவில்லையாம். காருக்குள் நுழையும்போதே கண் எரிகிறதாம். அண்ணனிடம் சொல்லலாம் என்று போனவள், அவர் கண்ணை மூடி மூச்சுப் பார்த்துச் சரி சொன்னதும், தன் மூக்கில்தான் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டாளாம். அதைச் சொல்லித் தங்கை தன்னையே கேலி செய்துகொண்டாளாம்.

மூக்கருக்கு, பட்டறையில் கேட்ட அந்த ‘டிக்’ ஓசை, ஏதோ பக்கத்து அறையில் கேட்பதைப் போல இப்போது தெளிவாகக் கேட்டது. துரு விட்டுக்கொடுத்த ஓசையன்று. வார்ப்பிரும்பு விட்டுப்போன ஓசை. அவர் குழாயைச் சொருகி நெம்பியதில் கழுத்தில் விரிசல் விழுந்திருக்கிறது. அந்த விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரை ஏமாற்றியிருக்கிறது. காற்று மிகுதி என்று அது சொன்னதை நம்பி, கணினி மேலும் மேலும் பெட்ரோலை ஊற்றியிருக்கிறது. முழுதாக எரியாத அந்த நச்சுப் புகை அதே விரிசல் வழியாகக் கசிந்து, பானெட்டின் கிழிந்த ரப்பரைத் தாண்டி, முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள காற்றுத்துளைக்குள் போயிருக்கிறது. ஹீட்டர் அதைத்தான் இழுத்து உள்ளே கொடுத்திருக்கிறது. போர்வை போர்த்திய ஒரு மனிதர் அதைச் சுவாசித்து, நல்ல தூக்கம் என்று நன்றி சொல்லியிருக்கிறார்.

“இன்னைக்கு என்ன கிழமை?” என்று கேட்டார். மனைவி சொல்லும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

தங்கையின் எண்ணை அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. நிலையத்துக்குள் போனால் அவள் தொலைபேசியின் ஓசையை அடக்கிவிடுவாள். மைத்துனரின் எண்ணை அழைத்தார். அதுவும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அந்த நேரத்தில் சிகிச்சை முடிந்திருக்கும். மூக்கர் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் பட்டறைக்கு ஓடினார். வெல்டரிடம் சொன்னது இவ்வளவுதான்: “வண்டியை எடு. எனக்கு வாசமே தெரியாது. பல மாசமாத் தெரியாது.” வெல்டர் அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்தார்.

போகும் வழியெல்லாம் சிவப்பு விளக்குகள். ஒவ்வொரு சந்திப்பிலும் நிற்கும்போது மூக்கர் மைத்துனரின் எண்ணை மீண்டும் மீண்டும் அழைத்துக்கொண்டிருந்தார். வெல்டர் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார். வண்டியில் பெட்ரோல் தீர்ந்திருந்தால் எஞ்சின் தானாகவே அணைந்திருக்கும் என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, வேண்டுதலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

நிலையத்தின் வண்டிகள் நிறுத்துமிடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. சரிவில் இறங்கியதும், வரிசையின் கடைசியில், சுவரோரமாக, தங்கையின் கார் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றப்பட்ட கண்ணாடிகளின் உட்புறம் பனி படர்ந்திருந்தது. சாய்ந்த தலை ஒன்று பக்கவாட்டுக் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தது. மடியில் தொலைபேசி ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. மூக்கர்தான் அழைத்துக்கொண்டிருந்தார், இன்னும்.

கதவுகள் பூட்டியிருந்தன. தூங்குகிறவரைத் தனியே விட்டுப் போவதால் தங்கை எப்போதும் மாற்றுச் சாவியால் பூட்டிவிட்டுத்தான் போவாள். வெல்டர் ஸ்பேனரால் பின்கதவின் கண்ணாடியை உடைத்தார். “மூச்சை இழுக்காத, மூக்கா!” என்று அவர் கத்தியது அந்தத் தாழ்ந்த கூரையில் மோதித் திரும்பியது. மூக்கர் கையைவிட்டுக் கதவைத் திறந்து, மைத்துனரின் அக்குள்களில் கைகொடுத்து வெளியே இழுத்தார். பாரமில்லாத உடம்பு. முகத்தில் வேதனையின் சுவடே இல்லை. உதடுகள் மட்டும் பல மாதங்களாக இல்லாத அளவுக்குச் சிவந்திருந்தன. வேடிக்கையாக எதையோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டவரைப் போல வாய் சற்றே திறந்திருந்தது.

மருத்துவர்கள் மாடியிலேயே இருந்தது ஒன்றுதான் நல்ல காலம். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆக்சிஜன் கொடுத்தார்கள். நெடுநேரத்துக்குப் பின் அவர் கண்ணிமைகள் அசைந்தன.

மருந்துப் பையோடு கீழே போய், உடைந்த கண்ணாடியைப் பார்த்து, அலறிக்கொண்டு மேலே வந்திருந்த தங்கை, கதவின் கண்ணாடி வழியாக அவர் மூச்சு விடுவதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் பக்கம் திரும்பினாள். யாரோ ஒரு செவிலியர், காருக்குள் புகை கசிந்திருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருந்தார். அவள் அழவில்லை.

“நீதான் மூச்சுப் பார்த்தியேண்ணா. ரெண்டு தடவை.”

“எனக்கு வாசம் தெரியலை பாப்பா. காய்ச்சலுக்குப் பிறகு எதுவுமே தெரியலை.”

கோபமே இல்லாமல், உண்மையாகவே விளங்காதவளைப் போலக் கேட்டாள்:

“அப்ப உள்ள உட்கார்ந்து என்னதான் பண்ணிட்டிருந்த?”

பல மாதங்களாக அவர் அஞ்சிக்கொண்டிருந்த கேள்வி அதுதான். வேறு யாரோ, வாடிக்கையாளர் ஒருவர், பட்டறையின் நடுவில் நின்று உரத்த குரலில் கேட்பார் என்றுதான் எப்போதும் கற்பனை செய்திருந்தார். தங்கையின் வாயிலிருந்து, இவ்வளவு தணிந்த குரலில் வரும் என்று நினைத்ததில்லை. நீண்ட தாழ்வாரத்தின் மறுகோடியில் ஒரு கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காரைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்து, அந்த வார்ப்பிரும்புக் குழாயைக் கழற்றினார்கள். வெல்டர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பினார். சென்சார் உட்காரும் கழுத்திலிருந்து ஒரு தலைமுடி அளவு விரிசல் கீழ்நோக்கி ஓடியிருந்தது. அதன் இரு கரைகளிலும் கரி படிந்திருந்தது. அவ்வளவு மெல்லிய கோடு. அதைப் பற்றவைக்கலாமா என்று மூக்கர் கேட்கவில்லை. வெல்டரும் பற்றவைக்க முன்வரவில்லை. வேறொரு குழாயைத் தேடி வாங்கினார்கள். சென்சாரை அதில் பொருத்தினார்கள். பானெட்டின் ரப்பரை மாற்றினார்கள். இம்முறை ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கும்போது மூக்கர் வெல்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். வெல்டர் வந்து பார்த்தார், தலையசைத்தார். “இன்னொரு மூக்கு வாங்கிக்க” என்ற பழைய கேலியை மட்டும் அவர் அதன் பிறகு சொல்லவே இல்லை.

மைத்துனர் பிழைத்துக்கொண்டார். நடந்தார், சாப்பிட்டார், வாரத்தில் இரண்டு நாள் சிகிச்சைக்குப் போய்வந்தார். பார்க்க வந்தவர்களிடம் பழைய உற்சாகத்தோடு பேருந்துக் கதைகளைத் தொடங்கினார். ஆனால், ஒவ்வொரு கதையும் சிரிப்பு வர வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பாகவே நின்றுபோயிற்று. பாதி வாக்கியத்தில் அவர் கண்கள் வெறித்துவிடும். “அந்தக் கிழவர் டிக்கெட்டை எடுத்து…” என்று சொல்லிவிட்டு, எஞ்சியதை யாராவது எடுத்துக் கொடுப்பார்களா என்று எதிரிலிருப்பவரின் முகத்தைப் பார்ப்பார். புகை மூளையைத் தொட்டிருக்கிறது, காலப்போக்கில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் மருத்துவர். மூக்கருக்கு அந்தக் கதைகள் அத்தனையும் மனப்பாடம். அவரால் எடுத்துக் கொடுக்க முடிந்ததில்லை. தங்கைதான் முடித்துவைப்பாள். முடித்துவைத்துவிட்டுச் சிரிக்கவும் செய்வாள், கணவருக்காக.

கார் தயாரானதும் அவளே வந்தாள். எஞ்சினை ஓடவிட்டிருந்தார்கள். ஓட்டுநர் கதவை மூக்கர் திறந்தபோது, வேண்டாம் என்று கையால் மறித்துவிட்டு, அவளே உள்ளே ஏறி உட்கார்ந்தாள். நான்கு கண்ணாடிகளையும் ஏற்றினாள். ஹீட்டரை வைத்தாள். கண்களை மூடினாள்.

மூக்கர் வெளியே நின்றார். அத்தனை ஆண்டுகளில் அவர் அந்தப் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. அவள் மூச்சை இழுத்தாள், நிறுத்தினாள், விட்டாள். மறுபடியும் இழுத்தாள். அவருடைய கை அவரை அறியாமலே கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டது. தலை சாய்கிறதா, உதடு சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற வெல்டர் மூச்சு விடுவதுகூட அவருக்குக் கேட்டது.

கடைசியில் கண்ணாடி இறங்கியது. முதலில் அவள் பக்கத்துக் கண்ணாடி; பிறகு மற்ற மூன்றும், ஒன்றன்பின் ஒன்றாக.

“ஏதாவது தெரியுதா பாப்பா?” என்று கேட்டார் மூக்கர்.

“ஒண்ணும் தெரியலை” என்றாள் அவள். “உனக்கும்தான் ஒண்ணும் தெரியலை, இல்லையா?”

அது குத்தலாகச் சொல்லப்பட்டதா, வெறும் உண்மையாகச் சொல்லப்பட்டதா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. அவர் காத்திருந்தார். அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கியரை மாற்றி, மதிலோரமாகக் காரைத் திருப்பி, தெருவில் இறங்கிப் போனாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகும் அந்தக் கார் அப்படியேதான் போய்வந்தது. வாரத்தில் இரண்டு நாள் அது பட்டறையைக் கடந்து போகும்போது மூக்கர் வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவார். நான்கு கண்ணாடிகளும் இறங்கியிருக்கும். முன்னிருக்கையில் மைத்துனர் போர்வையைக் காது வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நடுங்கியபடி, முகத்தில் அடிக்கும் சாரலோடு உட்கார்ந்திருப்பார்.